ஏழாம் மாடிச் சம்பந்தி

"கையிலை மஞ்சள் பட்டி கட்டின ஆக்களைத்தான் ஏத்துறாங்களப்பா," என்று யோகமலர் கணவனின் காதுக்குள் சொன்னாள். "எங்களிட்ட எங்கை பட்டி?"

சிவபாதம் வரிசையை எட்டிப் பார்த்தார். ரிசோட்டில் தங்குகிறவர்களை ஏற்றும் பஸ் பார்க் வாசலில் வந்து நின்றுவிட்டது. முன்னால் சாரதி, ஏறுகிறவர்களின் மணிக்கட்டை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வருங்காலச் சம்பந்தி சண்முகலிங்கமும் அவர் மனைவி இராஜேஸ்வரியும் நின்றார்கள். திரும்பி ஓட இடமில்லை.

ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் அந்தப் பெரிய விளையாட்டுப் பார்க்குக்கு ஸ்காபரோவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம்தான். காலையில் போய்ப் பின்னேரம் வீட்டில் வந்து தேத்தண்ணி குடிக்கலாம். ஆனால் சம்பந்தம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பழகிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். இரண்டு கிழமைக்கு முன் சண்முகலிங்கம் போன் எடுத்தார்.

"பிள்ளையள் பார்க்குக்குப் போகினமாம். நாங்களும் போய் ஒரு இரவு நிண்டு கதைச்சுப் பழகுவம், என்ன? நிக்கிறதுக்கு என்ரை—"

"நிக்கிறதுக்கு யோசிக்காதையுங்கோ அண்ணை," என்று சிவபாதம் முந்திக்கொண்டார். "நாங்கள் ரிசோட்டிலை புக் பண்ணியாச்சு."

அந்தப் பக்கத்தில் அவர் மனைவியோடு ஏதோ குசுகுசுத்தது கேட்டது. பிறகு, "அப்ப… நாங்களும் அங்கைதான்," என்றார் சண்முகலிங்கம்.

போனை வைத்த பிறகுதான் சிவபாதம் புக் பண்ணப் போனார். ரிசோட் நிரம்பி வழிந்தது. ஒரு கட்டில்கூட இல்லை. கிடைத்தது ரிசோட்டுக்கு எதிர்ப்புறம், தெருவுக்கு அங்காலே இருந்த மோட்டல். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆவணியில் கலியாண எழுத்து. பொய்க்காரன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? ஆகவே சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடுவதுதான் நேர்மை என்று சிவபாதம் முடிவு செய்தார்.

"ரிஸ்ட் பாண்ட், சேர்?" என்றான் சாரதி.

சிவபாதம் வேறு வழியில்லாமல் வலது கையை நீட்டினார். கோயில் திருவிழாவில் ஐயர் கட்டிவிட்ட காப்புநூல் அதில் இருந்தது. தோய்ந்து தோய்ந்து மொத்தித்த நல்ல மஞ்சள்.

"வெல்கம் பாக், சேர்," என்றான் சாரதி.

யோகமலரின் இடக்கையிலும் ஒன்று இருந்தது. பின்னால் வந்த சண்முகலிங்கம் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். ஒரே குடும்பம் என்று நினைத்து, சாரதி அவரையும் மனைவியையும் தலையாட்டி ஏற்றிவிட்டான். முருகன் கனடாவிலும் கைவிடுவதில்லை.

பஸ் புறப்பட்டது. இராஜேஸ்வரி திரும்பினார். "உங்களுக்கு எத்தினையாம் மாடி?"

"ஏழு," என்றார் சிவபாதம். ராசியான எண்.

பஸ் வளைவில் திரும்பியதும் ரிசோட் தெரிந்தது. யோகமலர் கீழேயிருந்து எண்ணினாள். ஆறு மாடி. மேலேயிருந்து எண்ணினாள். அப்போதும் ஆறுதான்.

"ஏழாம் மாடி வெளியாலை தெரியாது," என்றார் சிவபாதம்.

சண்முகலிங்கம் கட்டடத்தை ஒருமுறை பார்த்தார். "ஓம், ஓம். சில கட்டடங்கள் அப்பிடித்தான்," என்றார். மனிதன் மேல் சிவபாதத்துக்கு மரியாதை கூடியது.

ரிசோட் வரவேற்பு மண்டபத்தில் ஆனைக்குட்டி அளவில் சோபாக்கள் கிடந்தன. சிவபாதத்தின் திட்டம் எளிமையானது. அவர்கள் மேலே போவார்கள். இவர்கள் வெளியே போவார்கள்.

"களைச்சுப் போனியள். போய்ப் படுங்கோ அண்ணை," என்றார்.

"சீச்சீ. முதல் நீங்கள் போங்கோ."

"நீங்கள் மூத்தாக்கள் இருக்க நாங்கள் எழும்பிறதோ?"

"பொம்பிளை வீட்டாரை இருத்திப்போட்டு நாங்கள் போறதோ? ஆரும் கண்டால் என்ன சொல்லுவினம்?"

இரண்டு குடும்பமும் மரியாதையில் குறைந்ததல்ல. நால்வரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். ஒருவர் எழும்பினால் மற்ற மூவரும் எழும்பினார்கள். ஒருவர் இருந்தால் மூவரும் இருந்தார்கள். வரவேற்பில் நின்ற பெண் இதை ஏதோ தேகப்பயிற்சி என்று நினைத்து நாலு கிளாசில் தோடம்பழ யூஸ் கொண்டுவந்து வைத்தாள்.

யூஸ் முடிந்தது. இராஜேஸ்வரி பையைத் திறந்தார். "நான் ரொட்டியும் சம்பலும் கொண்டந்தனான். வாங்கோவன், உங்கட ரூமிலை இருந்து சாப்பிடுவம்."

"ஐயோ, எங்கட ரூமிலை இப்ப மருந்தடிக்கினம்," என்றாள் யோகமலர்.

"என்னத்துக்கு?"

"மூட்டைப்பூச்சிக்கு!"

'மூட்டைப்பூச்சி' என்று தமிழில் சொன்னாலும் யோகமலர் தோளைச் சொறிந்து காட்டியது எல்லா மொழிக்கும் பொது. பக்கத்தில் பெட்டிகளோடு வந்து நின்ற ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, பெட்டிகளோடு திரும்பிப் போனது. வரவேற்புப் பெண் இவர்களை நோக்கி வந்தாள். சிவபாதம் எல்லோரையும் கையோடு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

வெளியே வந்தால் எதிரே மோட்டல். அவருடைய கார் அதன் வாசலில் பளபளவென்று நின்றது. சம்பந்தியின் பார்வை அங்கே போய் நின்றதைச் சிவபாதம் கண்டார். ஏதாவது சொல்ல வேண்டும்.

"இஞ்சை ரிசோட்டிலை ஏது அண்ணை மூட்டைப்பூச்சி? உந்த மோட்டலிலை இருந்துதான் ரோட்டைக் கடந்து வந்திருக்கும்."

"அங்கை மூட்டைப்பூச்சி இல்லை!" என்றார் சண்முகலிங்கம். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பிறகு தணித்துக்கொண்டு, "இல்லையெண்டு கேள்வி," என்றார்.

"உங்களுக்குத் தெரியாதண்ணை. உதுக்கை மனுசர் இருப்பினமோ? துவாய் காவோலை மாதிரி. துடைச்சால் தோல் உரியும்."

"எந்தத் துவாய்? நீலக்கரை போட்டதோ?"

"நீலக்கரை போட்டதுதான்!" என்றார் சிவபாதம் உற்சாகமாக. யோகமலர் அவருடைய இடுப்பில் கிள்ளினாள். "எண்டு ஆக்கள் கதைக்கினம்," என்று சேர்த்துக்கொண்டார்.

சண்முகலிங்கம் மோட்டலைத் திரும்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. ஊர்பேர் தெரியாத மோட்டல்காரனுக்காகவும் இரங்குகிற இந்த மனிதரின் வீட்டில் மகள் நன்றாக இருப்பாள் என்று சிவபாதத்துக்கு நெஞ்சு நிறைந்தது. அதே அளவுக்குப் பயமும் நிறைந்தது. இப்படிப்பட்டவரிடம் பிடிபட்டால் எந்த முகத்தோடு ஆவணியில் போய் நிற்பது?

அப்போது பஸ் மறுபடி வந்தது. அதில் ஏறி பார்க் வாசலுக்குப் போய்விட்டால், அங்கிருந்து சுற்றி மோட்டலுக்கு நடக்கலாம்.

"அடடா!" என்று சிவபாதம் தலையில் கைவைத்தார். "தொப்பியைப் பார்க்கிலை விட்டிட்டன். நாங்கள் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறம். நீங்கள் மேலை போங்கோ."

"தனிய எப்பிடித் தேடுவியள்? நாங்களும் வாறம்," என்றார் சண்முகலிங்கம். மேலே போகச் சொன்னபோது வராத வேகம் அவருக்கு இப்போது வந்தது.

நால்வரும் போனார்கள். தொலைந்த பொருட்களுக்கான அறையில் ஒரு முதியவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, தொப்பி எப்படியிருக்கும் என்று கேட்டார். உலகத்தில் இல்லாத தொப்பியைச் சொன்னால் கிடைக்காது, திரும்பிவிடலாம் என்று சிவபாதம் கணக்குப் போட்டார்.

"சிவப்பு. பெரிய விளிம்பு. பச்சைச் செட்டை ஒண்டு குத்தியிருக்கும். முன்னாலை மண்டையோடு."

முதியவர் உள்ளே போய் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து, தலைகீழாகத் தொங்கும் வண்டியிலிருந்து இறங்கிய மகள் லக்சிகாவும் மாப்பிள்ளை ஜெனோசனும் அந்தப் பக்கமாக வந்தார்கள். இரவே காரில் வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்கள். நிம்மதியான பிள்ளைகள்.

"அப்பா! வாட் இஸ் தாட்? உங்களிட்ட எப்ப ஹாட் இருந்தது?"

"இது… உன்ரை அப்பாவின்ரை பழைய தொப்பி பிள்ளை," என்று சண்முகலிங்கம் முந்திக்கொண்டார். "நாங்கள் காலமை கண்டனாங்கள், என்ன இராஜேஸ்?"

"ஓம், ஓம். வடிவான தொப்பி," என்றார் இராஜேஸ்வரி.

லக்சிகா நாலு பெரியவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "யூ கைஸ் ஆர் சோ வியேர்ட்," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

சிவபாதம் கடற்கொள்ளைக்காரர் தொப்பியோடு பஸ்ஸில் ஏறினார். சாரதி இந்த முறை கையைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று சலாம் போட்டான். பின்சீட்டுப் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். ஒரு குழந்தை அவருடைய ஒற்றைக் கண்ணை மூடும் கறுப்புத் துணி எங்கே போனது என்று தாயிடம் கேட்டது.

மண்டபத்தில் மறுபடியும் சோபா. மறுபடியும் "நீங்கள் முதல்," "இல்லை, நீங்கள் முதல்." சிவபாதத்துக்குப் பொறுமை முடிந்தது. அறைச்சாவி அட்டை வைத்திருந்த ஒரு பெரிய குடும்பம் லிப்டுக்குள் நுழைவதைக் கண்டார். யோகமலரின் கையைப் பிடித்து இழுத்து, கதவு மூடுவதற்குள் தொப்பியோடு உள்ளே பாய்ந்தார்.

"அப்ப குட் நைட் அண்ணை! காலமை சந்திப்பம்!"

"நல்லா நித்திரை கொள்ளுங்கோ சம்பந்தி!" என்று சண்முகலிங்கம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அப்படியொரு ஆறுதல் அவர் முகத்தில் அன்று முழுவதும் இருக்கவில்லை.

லிப்ட் நாலாம் மாடியில் நின்றது. இருவரும் ஐஸ் மெஷினுக்குப் பின்னால் நின்று ரொட்டியைப் பங்கிட்டுத் தின்றார்கள். இராஜேஸ்வரி எப்படியோ யோகமலரின் பைக்குள் பாதியை வைத்திருந்தார். கீழே எல்லாம் அடங்கியிருக்கும் என்று தோன்றியதும் படிக்கட்டால் இறங்கி, பின்கதவால் வெளியேறி, தெருவைக் கடந்தார்கள். வெயில் இன்னும் மங்கவில்லை. ஒருவரும் காணவில்லை.

"வெண்டிட்டம்," என்றார் சிவபாதம்.

"உந்தத் தொப்பியைக் கழட்டுங்கோ முதல்," என்றாள் யோகமலர். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல சனமப்பா. எங்களைத் தனிய விடாமல் கூடவே திரிஞ்சுதுகள்."

"தங்கமான ஆக்கள். கொஞ்சம் அப்பாவியள். ஏழாம் மாடியை நம்பினவர் எதையும் நம்புவார்."

மோட்டல் வாசலில், காலையில் சாவி தந்த மன்னார்ப் பெண் கிளடிஸ் இவர்களுக்காகவே காத்திருந்தவள்போல எழும்பினாள்.

"அங்கிள், கோவிக்காதையுங்கோ. நேரத்தோட படுக்கிறியளோ?"

"ஏன் பிள்ளை, வெளிச்சம் இருக்கேக்குள்ளையே?"

கிளடிஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கட புது முதலாளி சண்முகலிங்கம் அங்கிளும் அன்ரியும் பின்னாலை குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலை நிக்கினம், நீங்கள் யன்னல் சீலையை இழுத்து விட்டால்தான் தங்கட அறைக்கு வரலாமாம், சம்பந்தியாக்கள் கண்டு வெக்கப்படக் கூடாதாம்."