'அவள் பேசட்டும்': ஓர் அமர்வின் வரலாறு

மனித நாகரிகத்தை இரண்டு காலங்களாகப் பிரிக்கலாம். ஒன்று, எங்கள் இலக்கியத் திருவிழாவில் உரையாடல் தொடர் ஆரம்பிப்பதற்கு முந்தைய இருண்ட காலம். மற்றது, அதற்குப் பிந்தையது. முந்தைய காலத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அப்போது நான் ஒருங்கிணைப்பாளராக இல்லை.

இந்த ஆண்டின் தொடருக்கு 'அவள் பேசட்டும்' என்று பெயர் வைத்தோம். சிறப்பு நிகழ்வுகள் உபகுழுவின் ஆண்கள் அனைவரும் கூடி, தொண்டை கட்டும்வரை விவாதித்து எடுத்த முடிவு அது. உபகுழுவில் ஒரு பெண்கூட இல்லையே என்று யாரோ கேட்டார்கள். பெண்களைப் பேசத்தானே கூப்பிடுகிறோம், வேலை வாங்கவா கூப்பிடுகிறோம் என்று தலைவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கருணையில் எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் அமர்வுக்குச் சிறப்பு விருந்தினராக ஒரு சிஸ்டரை அழைத்தோம். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் வேலை, ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு. பேனரில் தலைவர், பேராசிரியர், பதிப்பாளர் ஆகியோரின் படங்களுக்கும் என் படத்துக்கும் போக மிச்சமிருந்த மூலையில் சிஸ்டர் படத்தைத் தபால்தலை அளவில் போட்டிருந்தோம். தபால்தலையில் இடம்பெறுவது லேசுப்பட்ட கௌரவமில்லை என்று அவருக்கு நானே எடுத்துச் சொன்னேன்.

அவர் பேனரைப் பற்றிக் கவலைப்படவில்லை. மண்டப வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், என் நேரத்தை மட்டும் குறைச்சிடாதீங்க. ஒரே ஒரு பக்கம்தான் படிக்கப் போறேன். எங்க வீட்டுக்காரர் வந்திருக்காரு. நான் எழுதினதுல ஒரு வரியைக்கூட அவர் இதுவரைக்கும் காது கொடுத்துக் கேட்டதில்ல. யார் இதையெல்லாம் கேக்கப் போறாங்கன்னு சொல்லிட்டே இருப்பாரு. இன்னிக்குக் கேட்டும் அவருக்கு ஒண்ணும் தோணலன்னா, எழுதறதையே விட்டுடறேன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

கடைசி வரிசையில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். வேலையிலிருந்து நேராக வந்திருப்பார் போல, ஸ்பானர் பை காலடியில் கிடந்தது. கையைக் கட்டிக்கொண்டு மேடையைப் பார்த்த பார்வையில், இவர்கள் எப்போது முடிப்பார்கள் என்ற கேள்வி இருந்தது. நாங்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஒரு பெண்ணின் எழுத்து வாழ்க்கையே எங்கள் மேடையை நம்பி நிற்கிறது என்றதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை என் வரவேற்புரையில் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்மானித்தேன். சொன்னேன். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.

அடுத்து தலைவர் எழுந்தார். "நான் அதிகம் பேசப் போவதில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் சுருக்கமாகச் சொன்னார். பெண்களின் குரல் குழந்தைப் பருவத்திலேயே நெரிக்கப்படுகிறது என்று தொடங்கி, தம் குழந்தைப் பருவத்துக்குப் போனார். அங்கிருந்து அவரைத் திரும்ப அழைத்துவர நாங்கள் துண்டுச்சீட்டு அனுப்பிப் பார்த்தோம். அதை அவர் கண்ணாடி துடைக்கப் பயன்படுத்திக்கொண்டார்.

பதிப்பாளர் அடுத்தவர். பெண் பேசும்போது குறுக்கிடுவதுதான் நம் சமூகத்தின் பெரிய வியாதி என்று அவர் முழங்கிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி போன் செய்தார். உடனே கட் செய்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து முழங்கினார். கொள்கைப் பிடிப்பு என்றால் அதுதான்.

சிஸ்டரை அறிமுகம் செய்யும் பொறுப்பு பேராசிரியருடையது. பேராசிரியரை அறிமுகம் செய்யும் பொறுப்பு என்னுடையது. இரண்டும் செவ்வனே நடந்தேறின. சிஸ்டர் எந்தக் கதையைப் படிக்கவிருந்தாரோ அதையே பேராசிரியர் எடுத்து, பிரித்து மேய்ந்தார். பேச்சிழந்து கிடக்கும் ஒரு நோயாளியோடு ஒரு நர்ஸ் தினமும் பேசுகிற கதை அது. கடைசியில் அந்த நர்ஸ் செத்துப்போகிறாள் என்றும், அந்தச் சாவு ஒரு 'குறியீடு' என்றும் அவர் நிறுவினார்.

"சார், அதுல யாரும் சாகலையே" என்றார் சிஸ்டர், மைக் இல்லாமல்.

"எழுதியவருக்கே தெரியாமல் நிகழும் மரணம்தான் ஆழமானது" என்றார் பேராசிரியர், மைக்கோடு. மண்டபம் கைதட்டியது. சிஸ்டர் கடைசி வரிசையைப் பார்த்தார். கணவர் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அடுத்த அமர்வுக்காரர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். 'நவீன கவிதையும் நேர மேலாண்மையும்' என்பது அவர்கள் தலைப்பு. கோபமாக இருந்தார்கள். சிஸ்டருக்குக் கொடுக்க நேரம் என்று ஒன்று இல்லை என்பது மேடையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. புரிந்ததைப் பற்றித் தலைவர் மறுபடியும் கொஞ்சம் பேசினார்.

இங்கேதான் எங்கள் உபகுழுவின் மேதைமையை நீங்கள் பார்க்க வேண்டும். அங்கேயே, நின்ற வாக்கிலேயே, சிஸ்டருக்காக ஒரு சிறப்பு நிகழ்வை உருவாக்கினோம். பேச வாய்ப்பில்லாமல் போன உலகப் பெண்கள் அனைவருக்காகவும் ஒரு நிமிட மௌனம். அதை யார் முன்னின்று நடத்துவது? மேடையில் அதுவரை மைக் கிடைக்காதவர் சிஸ்டர் ஒருவர்தான். தகுதி அவருக்குத்தான் இருந்தது. ஒருமனதாகத் தேர்ந்தெடுத்து, மைக்கை அவர் கையில் கொடுத்தோம்.

அவர் தாள்களைப் பிரித்தார். "அந்த ஒரு நிமிஷத்துல இந்தப் பக்கத்தைப் படிச்சிடட்டுமா?"

"மௌனத்தின் புனிதம் கெட்டுடும்மா" என்றார் தலைவர், தகப்பனைப் போல.

எழுந்து நின்று கண்ணை மூடினோம். திறந்தபோது மைக் மேஜைமேல் இருந்தது, சிஸ்டரைக் காணோம். கடைசி வரிசையும் காலி. மௌனத்தை இத்தனை முழுமையாக நடத்தி முடித்தவரை நான் கண்டதில்லை. அவருக்கான நினைவுக் கேடயத்தைப் பேராசிரியர் பெருந்தன்மையோடு தாமே வாங்கிக்கொண்டார்.

மௌனத்தின் முக்கியத்துவத்தைப் பற்றி நான் நிறைவுரை ஆற்றத் தொடங்கினேன். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். முதலில் டீ இடைவேளை என்று நினைத்தார்களோ என்றிருந்தது. ஆனால் போன ஒருவரும் திரும்பவில்லை. நேர மேலாண்மைக் கவிஞர்களும் வாசலில் இல்லை. பேச்சைப் பாதியில் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு நானே போய்ப் பார்த்தேன்.

மாடிப்படியில் சிஸ்டர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். சன்னமான குரல்தான், ஆனால் அத்தனை படிகளிலும் கேட்டது. கீழ்ப்படியில் அவர் கணவர், பையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சுற்றி என் மண்டபமே நின்றுகொண்டிருந்தது. ஒரு வரியில் சிஸ்டர் மூச்சு வாங்க நிறுத்தினார். கணவர் அண்ணாந்து பார்த்தார்.

"நிறுத்தாத. அந்தாளு பேசினானா இல்லையா?"

சிஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் உள்ளே என்னவோ செய்தது, ஒளிப்பானேன். ஆனால் பதவி என்று ஒன்று இருக்கிறதே. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், இயன்ற அளவு பணிவாகச் சொன்னேன்:

"கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்குங்க. உள்ளே 'அவள் பேசட்டும்' நடந்துட்டிருக்கு."

கணவர் மெதுவாக எழுந்தார்.

"நானும் இவளைப் பேச விடாதவன்தான் சார்" என்றார். "ஆனா அதுக்குன்னு மண்டபம் புடிச்சு, மைக் வெச்சு, நாலு பேரைக் கூப்பிட்டதில்ல."