ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு போட்டோ சட்டம்

“...அதுக்காக ஆளை வெட்டி சட்டத்துக்கு ஏத்தாப்ல ஆக்கிடலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க மாப்ளே!” என்றார் என் மாமியார்.

நான் அதைத்தான் சொல்ல வாயைத் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

திருப்பதியில் கல்யாண மண்டபம். விடிந்தால் என் மைத்துனி சுமதிக்கு முகூர்த்தம். அத்தையின் மடியில் ஒரு பெரிய போட்டோ. காலமான என் மாமனாரும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். என் கையில் நான் செய்த தேக்குச் சட்டம். அதில் ஒரு ஆள்தான் நிற்கலாம்.

மேடைக்கு வரமாட்டேன் என்று அத்தை முன்னமே சொல்லிவிட்டார். “அவர் போனப்புறம் நான் எதுக்கு அங்க? நாலு பேர் நாலு பேசுவாங்க.” சுமதி அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் ரெண்டு பேருக்கும் ஒரு ராஜி ஆனது. மேடையில் ரெண்டு பேரும் இருக்கிற போட்டோவை வைப்பது. “நான் வந்தாப்லதான்னு வெச்சுக்கோ.” அதற்குச் சட்டம், மாமாவுடைய உரக்கடை மேஜைத் தேக்கில். இருந்த மரம் அவ்வளவுதான்.

“ஆசாரிகிட்ட குடுத்துடலாமே” என்றாள் என் மனைவி கலா. குரலில் ஒரு பயம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. (மாப்ளைக்கு வாய் வேலை செய்யுற அளவுக்கு கை செய்யாது என்று அந்த வீட்டில் எனக்கொரு நல்ல பெயர்.)

சித்தூரில் என் சிநேகிதன் முனிரத்தினத்தின் ஷெட்டில் பேண்ட் சா மெஷின் இருக்கிறது. ரெண்டு சக்கரத்தில் நாடா மாதிரி பிளேடு ஓடிக்கினே இருக்கும். மேஜையில் ஒரு பள்ளம். அதில் வழுக்கிக்கொண்டு போகிறது மைட்டர் கேஜ். அரை வட்டத் தலையில் டிகிரி கோடுகள். நாற்பத்தைந்தில் நிறுத்தி, மரத்தை அணைத்துத் தள்ளினால் மூலை சாய்வாக அறுபடும். கேஜ் முகத்தில் நீளமாக ஒரு பலகையை முடுக்கி, அதன் கோடியில் ஒரு ஸ்டாப்பர் கட்டையும் வைத்தால் சட்டத்தின் பக்கக் கொம்புகள் ஜோடிக்கு ஜோடி ஒரே அளவு வரும்.

கங்காதர நெல்லூருக்குக் கதவு மாட்டக் கிளம்பிய முனிரத்தினம் வாசலில் திரும்பி, “ரே, ஒரு முனை அறுத்ததும் கேஜை அந்தப் பக்கம் திருப்பு. மறந்துடப் போறே” என்றான்.

“தெலுசுலேரா!” என்றேன்.

தெரிந்ததெல்லாம் கையில் இருக்கிறதா? திருகாணியை இறுக்கின சந்தோஷத்தில் கேஜைத் திருப்பவே இல்லை. நாலு கொம்பும் அறுத்துத் தரையில் வைத்தேன். செவ்வகம் வரவில்லை. நாலும் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டு, பஸ் பிரேக் போட்ட மாதிரி நின்றன. புரட்டிப் போடவும் வழியில்லை. கண்ணாடி உட்காரும் காடிப் பள்ளம் முன்பக்கம் வந்துவிடும்.

சரி, ஒரு முனையை எதிர்ச்சாய்வில் அறுத்தேன். நீளம் குறைந்தது. ஸ்டாப்பர் ஓரம் மரத்தூள் சேர்ந்து ஒரு கொம்பு குட்டையானது. அதற்காக ஜோடியையும் குறைத்தேன். நடுவில் கேஜ் எந்தப் பக்கம் இருந்தது என்று மறந்து நீளக் கொம்பிலேயே மறுபடியும் தப்பு. கடைசியில் மூலைகள் அவ்வளவு அழகாகச் சேர்ந்தன! ஒரு மயிரிழை சந்து கிடையாது. ஸ்டாப்பர் இருக்கிறதே, அது நம் தப்பையும் அதே பக்தியோடுதான் திரும்பத் திரும்பச் செய்து கொடுக்கிறது.

“கடையில ஒண்ணு வாங்கிக்கினு வந்துடறேன் அத்தே. பத்து நிமிஷம்” என்றேன் மண்டபத்தில்.

“கடையிலயா? அவர் கணக்குப் பார்த்த மேஜை இது.” விரலால் தேக்கைத் தடவிப் பார்த்தார். மூலையில் நகத்தை வைத்து, “ஜாயின்ட்டு நல்லாத்தான் இருக்குது” என்றார். அதுவரை என் கைவேலையை அவர் மெச்சியதே இல்லை.

பிறகு பூக்கட்டுகிற பெண்ணிடம் கத்தரிக்கோலை வாங்கி, போட்டோவில் தன் பாதியை, மாமாவின் தோளை ஒட்டி நிதானமாக வெட்டி எடுத்தார். “நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே. எனக்கு எதுக்குப் படம்?”

உயரமும் கொஞ்சம் இடித்தது. மாமாவின் செருப்பும் போனது. (அந்த மெஷின் பக்கம் நான் போனால் இன்றைக்கும் சுமதி, “மாமா, எங்க அப்பாவுக்கு மிச்சம் இருக்கிறதையாவது உட்டுடுங்க” என்பாள்.)

காலையில் மேடையில் சட்டத்தை நாற்காலியில் வைத்தோம். சுமதி அதையே பார்த்துக்கினு இருந்தாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, “அம்மா, இப்ப நீ படத்துலயும் இல்லியே” என்றாள்.

கடைசி வரிசையில் அத்தை எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியை மாமாவின் வலப்பக்கம் போட்டார். ஒரு கணம் யோசித்தார். தூக்கி இடப்பக்கம், போட்டோவில் வெட்டின பக்கம், போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.