ஒன்பதாவது மாடியில் இருக்க முடியாத சேவல்

சிங்கப்பூரில், சுவா சூ காங்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாவது மாடியில் ஒரு சேவல் இருந்தது. இதை மிகுந்த பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். ஏனென்றால் அக்கம்பக்க அமைதி அலுவலகம், பொதுமக்கள் நலனை முன்னிட்டு, இதே விஷயத்தை முறைப்படி பரிசீலித்து வேறொரு முடிவுக்கு வந்திருக்கிறது.

சேவல் எப்படி வந்தது என்றால், லிஃப்டில் வந்தது. கால்வாயோரப் புதரில்தான் அதற்கு வாசம். ஒரு செவ்வாய்க்கிழமை நல்ல மழை. தேக்கா மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு வந்து லிஃப்டில் ஏறினேன். கூடவே அதுவும் ஏறியது. இறகை உதறி என் சேலையை நனைத்துவிட்டு, கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது, வாடகை கட்டிக் குடியிருக்கிற ஆள் மாதிரி. ஒன்பதில் நான் இறங்கினேன். அதுவும் இறங்கியது. முருகன் கொடியில் இருக்கிற பறவை, செவ்வாய்க்கிழமையும் அதுவுமாக வாசலில் வந்து நிற்கும்போது விரட்டக் கை வருமா? ஒரு பிடி அரிசி போட்டேன். மறுநாளும் யார் பின்னாலோ ஏறி வந்துவிட்டது. அப்படியே பழகிவிட்டது.

பக்கத்து வீட்டு ஆமினா பீவி ரொட்டித் துண்டு போடுவாள்.

"உங்க சாமி கொடியில இருக்கப்போய் இது தப்பிச்சுது சரசக்கா. எங்க வீட்டுக்காரரு பார்க்கிற பார்வை வேற மாதிரி இருக்கு."

"யாக்கூப் பாய் அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு, போ."

"பிரியாணிக் கடைக்காரராச்சே அக்கா. கோழியைப் பார்த்தா அவருக்கு அண்டா ஞாபகம்தான் வரும்."

தொல்லை எதிர்வீட்டு அசோக்கிடமிருந்து வந்தது. சென்னையிலிருந்து வேலைக்கு வந்த பையன். நல்ல பையன். இரவெல்லாம் அமெரிக்காக்காரர்களோடு கம்ப்யூட்டரில் பேசிவிட்டு, விடிகிற நேரத்தில் படுப்பான். அவன் படுக்கிற நேரமும் சேவல் கூவுகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது. யாரைக் குற்றம் சொல்வது? அக்கம்பக்க அமைதி அலுவலகத்துக்கு அவன் கம்ப்ளைன்ட் போட்டுவிட்டான்.

விசாரிக்க வந்தவர் அழகேசன் என்ற அதிகாரி. அலுவலகம் அப்போதுதான் தன் ஆட்களையெல்லாம் தஞ்சோங் பகாருக்கு அனுப்பி ஒரு புதுவிதப் பயிற்சி கொடுத்திருந்தது. இனிமேல் யாரும் பொதுமக்களிடம் 'இல்லை', 'தெரியாது', 'மன்னிக்கணும்' என்று சொல்லக் கூடாதாம். மனம் புண்படுகிறதாம். அதற்குப் பதிலாக இங்கிலீஷில் மூன்று கொடுத்திருந்தார்கள். நடக்க வழியே இல்லாததற்குக் 'கான்ட் பி', அதாவது இருக்க முடியாது. அதைத் தவிர வேறு வழியே இல்லாததற்கு 'மஸ்ட் பி', அப்படித்தான் இருக்க வேண்டும். நேற்று நடந்ததை இன்று மறுப்பதற்குக் 'குடன்ட் ஹேவ்', நடந்திருக்க முடியாது. எதையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, யோசித்தாலே போதும். அதுதான் இதில் உள்ள வசதி.

அழகேசன் வந்தபோது சேவல் என் காலணி அலமாரிமேல் நின்றுகொண்டிருந்தது.

"ஆன்ட்டி, ஒன்பதாவது மாடியில சேவல்னு கம்ப்ளைன்ட் வந்திருக்கு. இட் கான்ட் பி."

"அதோ நிக்குதே தம்பி."

அவர் திரும்பவில்லை. "பார்க்கிறதெல்லாம் ரெண்டாவது கட்டம் ஆன்ட்டி. முதல் கட்டம் லாஜிக்." டேப்லெட்டைத் திறந்தார். "இந்த ஃபாரத்துல டிக் போட ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஒண்ணு, காட்டுச் சேவல். ஒண்ணு, வளர்ப்புச் சேவல்."

"காட்டுச் சேவல்னா என்ன செய்வீங்க?"

"ஆளுங்க வந்து பிடிச்சிட்டுப் போவாங்க. தூங்க வச்சிடுவாங்க."

"எழுப்புவாங்கல்ல?"

"எழும்பாது ஆன்ட்டி."

அசோக் தூங்குவதற்காகச் சேவலைத் தூங்க வைப்பதா? "வளர்ப்புச் சேவல்னா?"

"வளர்க்கிறவங்களுக்கு அபராதம். அப்புறம் சேவலைத் தூங்க வச்சிடுவாங்க."

"முருகா!" என்றேன்.

"பயப்படாதீங்க லா. முறைப்படி போவோம்." இந்த ஊர் 'லா' போட்டு, அவர் உண்மையிலேயே அன்பாகத்தான் பேசினார். "முன்னாடி இங்க எல்லாம் பண்ணை. அப்போ சேவல் இருந்திருக்கலாம். இப்போ அடுக்குமாடி. காட்டுச் சேவல் ஒன்பது மாடி பறக்க முடியாது. மாடிப்படிக் கதவு மூடியிருக்கு, அதால திறக்க முடியாது. லிஃப்டுல வரணும்னா பொத்தானை அமுக்கணும்."

"நான்தான் அமுக்..."

சத்தம் கேட்டுப் பக்கத்தில் வந்து நின்ற ஆமினா என் கையைக் கிள்ளினாள்.

"ஆக, காட்டுச் சேவலா இருக்க முடியாது. அப்போ வளர்ப்புதான். மஸ்ட் பி. உங்களுதா?"

"இல்ல."

"உங்களுதா பீவிம்மா?"

"எங்க வீட்டுல வந்திருந்தா போன வாரமே முடிஞ்சிருக்கும் தம்பி."

"வளர்க்கணும்னா அனுமதி வேணும். இந்த புளோக்குல யாருக்கும் அனுமதி கொடுக்கல. கொடுக்காத அனுமதியில வளர்க்க முடியாது. ஆக வளர்ப்புச் சேவலாவும் இருக்க முடியாது." அழகேசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இரண்டு கட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கோயில் விளக்குப்போல அவர் முகம் பிரகாசமானது. "காட்டுச் சேவலும் இல்ல, வளர்ப்புச் சேவலும் இல்லன்னா, சேவலே இருக்க முடியாது ஆன்ட்டி! கேஸ் முடிஞ்சுது!"

அந்த நேரம் சேவல் இறங்கி வந்து அவருடைய ஷூக் கயிற்றைக் கொத்தி இழுத்தது.

"யாரு இழுக்கிறது?" என்றார்.

"யாரும் இருக்க முடியாதே தம்பி," என்றேன் நான்.

அன்று மாலை அழகேசன் பேருக்கு ஒரு விளக்கு ஏற்றினேன். ஓர் உயிர் பிழைத்ததே.

மறுநாள் விடியற்காலையில் அசோக் சிவந்த கண்ணோடு வந்து நின்றான். "நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. இன்னிக்கு இங்க சேவல் கூவுச்சா, கூவலையா?"

தினமும் பூஜை செய்கிறவள் நான். தமிழில் 'சேவல் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தால் நாக்கு கூசியது. ஆனால் 'கான்ட் பி' என்று சொல்லிப் பார்த்தேன், கூசவே இல்லை. பொய் சொன்ன மாதிரியும் இல்லை, உண்மை சொன்ன மாதிரியும் இல்லை. வாயில் பெப்பர்மின்ட் மிட்டாய் போட்டதுபோலச் சில்லென்று இருந்தது. இவ்வளவு வசதியான பாஷையை என் பிள்ளைகள் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டார்களே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அசோக்குக்கு அலுவலகத்திலிருந்தும் பதில் வந்தது. மேற்படி மாடியில் மேற்படி சேவல் இருக்க முடியாத காரணத்தால், தாங்கள் கேட்டது தங்கள் மன அழுத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்றும், தங்கள் நலன் கருதி சமூக மன்றத்தில் நடக்கும் 'உறுதியாகப் பேசுவோம்' வகுப்பில் தங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்றும். பையன் போனான். திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தான். சேவல் அவன் ஜன்னலில் உட்கார்ந்து கூவும். உள்ளேயிருந்து "கான்ட் பி" என்று ஒரு குரல் வரும். பிறகு குறட்டை வரும்.

அதைப் பார்த்ததும் புளோக்கே அந்த வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது. மேல்வீட்டு ஈரத்துணி என் காய்ந்த துணிமேல் சொட்டுகிறது என்றால், "கான்ட் பி ஆன்ட்டி, எங்க துணி நேத்தே காஞ்சிருக்கணும்." பிரியாணியில் உப்பு அதிகம் என்று வாடிக்கையாளர் முகம் சுளித்தால், யாக்கூப் பாய் ருசி பார்க்காமலே, "நான் போட்டிருக்க முடியாதே." சிராங்கூனில் குடியிருக்கும் என் மகன் அருண்ராஜ் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன் என்று அவன் வாயால் சொன்னான். வடைக்கு ஊறவைத்துவிட்டுப் போன் செய்தேன்.

"நான் அப்படிச் சொல்லியிருக்க முடியாதேம்மா. ஞாயிறு எனக்கு பிக்கிள்பால் இருக்கே."

அது ஊறுகாய் இல்லையாம், ஒரு விளையாட்டாம். இப்போது எல்லாரும் அதைத்தான் விளையாடுகிறார்களாம். வடையைச் சேவல் தின்றது.

எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த 'இருக்க முடியாது' இருக்கிறவரைதான் சேவலும் இருக்கும் அல்லவா?

இப்படியிருக்கையில் அடுத்த கிருத்திகை வந்தது. அபிஷேகத்துக்குப் பால் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பினேன். சேவலும் கால்வாய்ப் பக்கம் போக லிஃப்டில் ஏறிக்கொண்டது. ஏழாவது மாடி தாண்டியதும் லிஃப்ட் ஓர் ஆட்டம் ஆடி நின்றுவிட்டது. மணியை அமுக்கினேன். சுவரிலிருந்து குரல் வந்தது. அழகேசன்தான்; லிஃப்ட் மணியும் அவர்கள் அலுவலகத்துக்குத்தான் போகும்.

"லிஃப்ட் நின்னுபோச்சு தம்பி. நான் சரசு, ஒன்பதாவது மாடி."

"நேத்துதானே சர்வீஸ் பண்ணாங்க ஆன்ட்டி. நின்னிருக்க முடியாது. என் திரையில பச்சையா இருக்கு."

"நான் உள்ளே நிக்கிறேனே!"

"ஓடுற லிஃப்டுல மாட்டிக்கிட்டிருக்க முடியாது லா. இருங்க, கேமராவில பார்க்கிறேன்." ஏதோ பொத்தான்களைத் தட்டினார். "ஆன்ட்டி... உங்க கால்கிட்ட ஒண்ணு நிக்குது."

சேலைத் தலைப்பை விரித்து அதை மறைத்தேன்.

"இருக்க முடியாதது ஒண்ணு கேமராவில தெரிஞ்சா, கேமரா ரிப்பேர். மஸ்ட் பி. ரிப்பேரான கேமராவில தெரியிற நீங்களும்..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆன்ட்டி, ஒரு வழி இருக்கு. சேவல் இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சேவல் இருந்தா கேமரா சரி. கேமரா சரின்னா நீங்க இருக்கீங்க. நீங்க இருந்தா லிஃப்ட் நின்னிருக்கு. உடனே ஆளு அனுப்பிடுவேன்."

"சேவலுக்கு?"

"அதுக்கும் ஆளு வரும் ஆன்ட்டி."

சேவலைப் பார்த்தேன். தலையைச் சாய்த்து, பால் தூக்கைத் தன்னுடையதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே புழுக்கம். முழங்கால் வலி வேறு. சுவர் காத்திருந்தது.

"கான்ட் பி, தம்பி," என்றேன்.

"அப்போ நீங்களும்..."

"நானும்தான்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "கேஸ் முடிஞ்சுது ஆன்ட்டி," என்றார்.

சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கந்தனைக் கூப்பிட ஆரம்பித்தேன். கூடவே சேவலும் கழுத்தை நீட்டி, புளோக்கே அதிரும்படி கூவியது. மேலே காலடிச் சத்தம் நின்றது.

"சேவல் சத்தம் லிஃப்டுக்குள்ளேர்ந்து வருதே," என்றாள் ஆமினா. "சரசக்கா சத்தம் மாதிரியும் இருக்கே!"

"நான்தான் ஆமினா!" என்று கத்தினேன்.

"கான்ட் பி, பீவிம்மா," என்றது அசோக்கின் அமைதியான குரல். "வாங்க, படியில போவோம்."

எவ்வளவு நேரமோ. லிஃப்ட் தானாக ஒருமுறை உதறிக்கொண்டு இறங்கியது. "நான்தான் சொன்னேன்ல," என்றது சுவர். கீழே கதவு திறந்தபோது ஒரு கூட்டமே காத்திருந்தது. வெளியே போய்விட்டுத் திரும்பிய ஆமினாவும் அசோக்கும் அதில் நின்றார்கள். சேவல் முன்னால் நடந்தது. ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை, ஆனால் எல்லாரும் ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்கள். அது போன பிறகு, நான் இறங்குவதற்குள் அத்தனை பேரும் உள்ளே ஏறினார்கள். நெரிசலில் புகுந்து நான் வெளியே வந்தபோது யாருடைய முழங்கையோ பட்டுத் தூக்கிலிருந்த பால் சிந்தியது.

"அக்கா, எங்கேர்ந்து வரீங்க?" என்றாள் உள்ளிருந்து ஆமினா.

"இந்த லிஃப்டுலேர்ந்துதான்."

அவள் என்னைப் பார்த்தாள், அசோக்கைப் பார்த்தாள். ரொம்ப யோசித்தாள். கதவு மூடிக்கொண்டது.

சிராங்கூன் சாலைக் கோயிலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அபிஷேகம் முடிந்து அலங்காரமும் ஆகியிருந்தது. மிச்சமிருந்த பாலை வைத்துக்கொண்டு நின்றேன். மேலே கொடியில் சேவல், ஒன்றும் தெரியாத மாதிரி.

எப்போதும் பிள்ளைகளுக்காக வேண்டுவேன். ஆமினாவுக்கும் சேர்த்து வேண்டுவேன். அன்றைக்கு எல்லாரையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் வேண்டினேன்.

"முருகா, சரசு வந்திருக்கேன். உனக்கு மட்டும் யாரும் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துடக் கூடாது."