போனுக்கு என் மேல் நம்பிக்கை இல்லை

அன்பு மகள் சிக்னிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் நலம். ஏரியில் பனி இருபது அங்குலம், அதுவும் நலம். போன் ஒன்றுதான் படுத்துவிட்டது.

"கத்தாதீங்கப்பா, என்னென்ன செஞ்சீங்கன்னு வரிசையா எழுதி அனுப்புங்க" என்று வீட்டு போனில் சொன்னாயே, எழுதுகிறேன். நாளை உன் ஊர் டுலூத்துக்கு வரும் பக்கத்து வீட்டு எல்மர் இதைக் கொண்டுவருவார்.

மீன் போட்டி சனிக்கிழமை காலை ஆறுக்குத் தொடங்கியது. உறைந்த ஏரியில் துளை போட்டுப் பிடித்த மீனை அளவுப் பலகையில் வைத்துப் படமெடுத்து, ஏரியிலேயே விட்டுவிட்டு, படத்தைப் போட்டி ஆப்பில் ஏற்ற வேண்டும். புதன் நண்பகல் வரை கெடு. பதினோரு வருஷமாக உன் மாமா ஆர்விட்தான் ஜெயிக்கிறார், பந்தயப்படி தோற்ற நான் ஏப்ரன் கட்டிக்கொண்டு தேவாலய அடித்தளத்தில் ஊருக்கே பான்கேக் சுடுகிறேன். இந்த வருஷம் என் டிரவுட் மீன் முப்பத்தோரு அங்குலம்! ஆப்பைத் திறந்தால், "பாதுகாப்பான இணைப்பு இல்லை, சான்றிதழ் காலாவதி" என்கிறது. எனக்கென்ன தெரியும், என் மீன்பிடி உரிமத்தை எடுத்துப் பார்த்தேன், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. போனை அணைத்துப் போட்டேன், ஆப்பை அழித்து மறுபடி இறக்கினேன், நூலக வைஃபையில் பார்த்தேன், ஈரம் ஏறியிருக்கும்னு உன் அம்மா அடுப்புப் பக்கத்துல காயவெச்சா, எதுக்கும் மசியல. அதே ஆப் ஆர்விட் போன்ல தொட்ட உடனே திறக்குது. "மச்சான், போனுக்கே உங்க மேல நம்பிக்கை இல்ல போலிருக்கு"ங்கறார். "ஏப்ரன் துவைச்சாச்சா?"ன்னு வேற கேட்டார். தப்பு ஆப் செஞ்சவங்க மேலதான். அவங்களுக்கு நல்லா உறைக்கிற மாதிரி நீ ஒரு கடிதம் போடு. செட்டிங்ஸ்ல எதையாவது மாத்தினீங்களான்னு கேட்டியே, சத்தியமா கை வைக்கலம்மா.

ரோடு வழுக்கும், மெதுவாக ஓட்டு. கர்த்தர் உன்னோடு வண்டியில் இருப்பாராக.

அப்பா ஓரின்

பி.கு.: உறையை ஒட்டுமுன், அத்தை பிறந்தநாளைக் குறிக்க உன் அம்மா என் போனில் காலண்டரைத் திறந்தாள். "ஏங்க, இதுல 2041ன்னு இருக்கே?" என்றாள். சொல்லிவிடுகிறேன். மீன் மாட்டியது வெள்ளிக்கிழமை சாயங்காலம். படத்தில் சனி என்று விழட்டுமே என்று தேதியை ஒரு நாள் தள்ளினேன். கையுறையோடு தள்ளியதில் வருஷமும் சேர்ந்து உருண்டிருக்கிறது. 2041-ல் ஆப்பின் சான்றிதழ் காலாவதியாகாமல் என்ன செய்யும்; தேதியைச் சரியாக்கியதும் ஆப் உடனே திறந்தது. திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டது: "போட்டி நேரத்தில் பிடித்ததா?" உன் அம்மா பக்கத்திலேயே நின்றாள். 'இல்லை'யை அழுத்தினேன்.

யாருக்கும் கடிதம் போடாதே. சனிக்கிழமை பசியோடு வா. ஏப்ரன் துவைத்துக் கொடியில் கிடக்கிறது.