கேலக்ஸி அண்ணாச்சியின் பிள்ளைத் தீட்டு

ராஜபாளையம் வட்டாரத்திலேயே வருடம் முழுவதும் பிள்ளைத் தீட்டுக் காத்த ஒரே மனிதர் எங்கள் கேலக்ஸி அண்ணாச்சிதான். அவர் வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. பிரசவமெல்லாம் வானத்தில்.

நான் வேலை பார்க்கும் நூல் மில்லில் அவர் ஃபிட்டர். யாரோ செல்போனில் அனுப்பிய வீடியோவில் ஒரு சுருள் கேலக்ஸியைப் பார்த்தார். அங்கே மற்ற இடங்களைவிட மளமளவென்று நட்சத்திரங்கள் பிறக்கின்றனவாம். அன்றோடு மனிதர் கோவில் வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

“ஏன் அண்ணாச்சி?” என்றேன்.

“செத்தவுகல்லாம் நட்சத்திரமாத்தானலே போறாக? அப்பம் நட்சத்திரம் நமக்குப் பங்காளி. பங்காளி வீட்டுல பிள்ளை பெறந்தா நமக்குத் தீட்டுதான?”

“நம்ம பால்வெளியிலயும் பெறக்கும்ல?”

“இங்கன எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு. சமாளிச்சுக்கிடலாம். அங்கிட்டு ஒரு தீட்டுக் கழியுமுன்ன அடுத்தது பெறந்துருதே.”

பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் ஷிப்டுக்கு ஷிப்டு எல்லார் வாயிலும் சீனி போட்டார். கேன்டீன்காரர் சீனி டப்பாவை ஒளித்து வைக்க ஆரம்பித்தார். ஆயுத பூஜையன்று மெஷினைத் தொடமாட்டேன் என்று தள்ளி நின்றுகொண்டு, எங்கே சந்தனம் வைக்க வேண்டும் என்று மேனேஜருக்கு வழி சொன்னார். பாதிச் சந்தனம் மேனேஜர் சட்டையில்.

இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்த எனக்கு, என் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலில் என்று முடிவானதும் சிரிப்பு நின்றுபோனது. எனக்குத் தாய் தகப்பன் இல்லை. பெண் பார்த்து, பேசி முடித்ததெல்லாம் அண்ணாச்சிதான். தாலியும் அவர்தான் எடுத்துத் தர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

“தீட்டோட தாலியத் தொடப்பிடாதுலே,” என்றார்.

“அண்ணாச்சி, அங்கிட்டுப் புறப்பட்ட வெளிச்சம் இங்கன வந்து சேரவே லட்சக்கணக்கான வருசம் ஆவுமாம். பிள்ளையெல்லாம் எப்பமோ பெறந்தது. பங்காளி வீட்டுச் சேதி நாள் கழிச்சு வந்தா என்ன செய்வோம்?”

விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “ஒரு முழுக்குப் போட்டாப் போதும்.”

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் புதுச் சேதி வந்துகொண்டே இருக்கிறதே. முகூர்த்தத்தன்று கோவிலுக்கு வெளியே குழாயடியில் நின்று, காலையிலிருந்து குளித்துக்கொண்டே இருந்தார். பட்டர் தாலித் தட்டைத் தூக்கியதும் தலையில் கடைசி வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சொட்டச் சொட்ட ஓடிவந்து தாலியை எடுத்து என் கையில் தந்தார்.

“வெரசாக் கட்டுலே. அடுத்தது பெறந்துரப் போவுது.”

கட்டினேன். என் பட்டு வேட்டி, பெண்ணின் பட்டுப் புடவை எல்லாம் தண்ணீர். அண்ணாச்சி எங்கள் தலையில் கை வைத்து ஓவென்று அழுதார். ஈரத்தோடு ஈரமாக நானும் அழுதேன்.

ஆல்பம் போடும்போது போட்டோக்காரர் கேட்டார்: “இந்த நனைஞ்ச ஆள மட்டும் படத்துல இருந்து எடுத்துரட்டுமா?”

“வேண்டாம்ணே,” என்றேன். “அவர எடுத்துட்டா மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஆளே இல்ல.”