ராத்தாவின் பைப்புக்கு மேலே என் கண்ணாடி அறை

மருதமுனை

அன்பு நிறைந்த பஸ்மினா ராத்தாவுக்கு, தங்கை நஸ்லா ஸலாத்துடன் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், வீட்டின் பின்வளவு மட்டும் சுகமில்லை. இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று சிரிப்பீர்கள். வொய்ஸ் அனுப்பினால் கத்தாரில் மச்சான் ஸ்பீக்கரில் போட்டுப் பிள்ளைகளோடு கூடியிருந்து கேட்பார். இது நிலத்துக் காரியம், உங்களுக்கு மட்டும்தான்.

எல்லாம் என் மகன் அஸ்கி மண் தின்பதில் தொடங்கியது. ஒன்றரை வயதுப் பிள்ளை, சோற்றைக் கண்டால் வாயை மூடுகிறான், மண்ணைக் கண்டால் திறக்கிறான். கொசு, காகம், கடற்கரை மண் எதுவும் அண்டாமல் வெயில் மட்டும் வருகிற ஓர் இடம் இருந்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு குளிர் நாட்டு வீட்டின் கண்ணாடி அறையை போனில் கண்டேன். சுற்றிவரக் கண்ணாடி, கூரையும் கண்ணாடி, நடுவில் ஒரு பிள்ளை பூச்சாடிகளோடு சிரிக்கிறது. குசினிக்குப் பின்னால் அப்படி ஒன்று கட்டுவோம் என்றதும் இவர், "இஞ்ச பாருங்க நஸ்லா, நம்மட ஊர் வெயிலுக்கு இது அறையா, இடியப்பச் சட்டியா?" என்றார். என் மனிசன் ஹாதிக்குக்கு விஞ்ஞானம் தெரியாது, நான் விஞ்ஞானப் பட்டதாரி என்று வரைபடம் கீறினேன். அத்திவாரத்தின் ஆழம், அகலம், கல்லின் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது மட்டும் இல்லை.

நம் இரண்டு பேரின் சீதன வீடுகளையும் ஒரே வளவில் கட்டிய வாப்பா, இரண்டு வீட்டுக் கழிவுத் தண்ணீரையும் ஒரே பைப்பில் பின்னாலுள்ள குழிக்கு விட்டாரே, அந்த பைப் எந்த வழியாகப் போகிறது என்று அவரிடமே கேட்டேன். "முருங்கைக்குக் கீழால நேராப் போகுது மகள்" என்றார். முருங்கை விழுந்து எத்தனையோ காலம். உம்மா உடனே, "முருங்க கிணத்தடியில தானே நிண்ட?" என்றா. "விசர்க்கதை கதைக்காத, அது மதிலோரம்!" தேத்தண்ணி ஆறும்வரை சண்டை. நான் இரண்டு ஞாபகங்களையும் கூட்டி இரண்டால் பிரித்து, சராசரி முருங்கைக்கு ஒரு கயிறு கட்டினேன். படித்த படிப்பு இதற்குத்தான் உதவியது.

மேசன் முஸ்தாக் பாஸ் கயிற்றைப் பார்க்கவே இல்லை. "மண்ணுட நிறத்தப் பாத்தே பைப் எங்க கிடக்கெண்டு சொல்லுவன் தங்கச்சி" என்று கனத்த இரும்பு அலவாங்கை மண்ணில் இறக்கினார். மண் ஒன்றும் சொல்லவில்லை, பைப்தான் சொன்னது, நாற்றத்தோடு. ஓட்டையைச் சாக்கால் அடைத்துவிட்டு அவர் புதுத் துண்டு வாங்கப் போன நேரத்தில், இது அந்தப் பொது பைப்தானா என்று சோதிக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்துத் தறிக்காரரிடம் சாரம் நெய்யும் நூலுக்குப் போடும் நீலச்சாயம் வாங்கி, வாளியில் கரைத்து, என் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். சாக்கை மறந்துவிட்டேன் ராத்தா. போக வழியில்லாத நீலம் திரும்பி, உங்கள் வீட்டுக் குளியலறையில் பொங்கிவிட்டது. அங்கே வாடகைக்கு இருக்கும் ஸில்மியா டீச்சர் தொழுகைக்கு வுழூச் செய்துகொண்டு நின்றவ, "நஸ்லா! என்ட காலெல்லாம் நீலம் பாஞ்சி போச்சி, என்னமோ நோய் புடிச்சிட்டுது!" என்று ஓடிவந்தா. நான் வாயைத் திறக்குமுன் இவர் சொன்னார்: "நோயில்ல டீச்சர், விஞ்ஞானம்."

இப்போது பைப் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும், என் அத்திவாரத்துக்கு நேர் கீழே. அதன்மேல் பாரம் ஏற்றினால் என்றாவது நொறுங்கும், இரண்டு வீட்டுத் தண்ணீரும் பிள்ளை விளையாடுகிற அறைக்குள் வரும். சுவரைத் தள்ள வேண்டும். இந்தப் பக்கம் கிணறு. மிச்சம் உங்கள் பக்கம்தான். இரண்டு அடி.

கேட்டுவிட்டேன். நம் ஒழுங்கையில், இந்த ஒரு சின்னத் தெருவிலேயே, ஒரு மதிலுக்காகக் கதைக்காமல் இருக்கிற சகோதரிகளை நீங்களும் கண்டிருக்கிறீர்கள். காணி உறுதிப் பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம், நீங்கள் திரும்பி வந்து கேட்கும் நாளில் சுவரை உடைத்துத் தருவேன். தரமாட்டேன் என்றாலும் கோபமில்லை. கொஞ்சம் அழுவேன், பிறகு உங்களுக்கு போன் எடுப்பேன். அறை இல்லாமல் இருக்கலாம், நீங்கள் கதைக்காமல் என்னால் இருக்க முடியாது.

மச்சானுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தை நிறைப்பானாக. துஆவில் என்னைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
நஸ்லா

பி.கு.: ஒட்டுமுன் ஒன்று. இவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, நாலு கம்பு நட்டு, சுற்றியும் மேலேயும் பொலிதீன் கட்டி, நடுப்பகலில் அஸ்கியோடு உள்ளே இருந்து பார்த்தேன். பிள்ளை வெந்த இறால் மாதிரி சிவந்து கத்தினான், நான் அவனுக்கு முதல் வெளியே வந்துவிட்டேன். ஆகவே கண்ணாடி இல்லை. நாலு தூணும் கிடுகுக் கூரையும் போதும், தூண்கள் பைப்புக்கு விலகியே நிற்கும், உங்கள் நிலமும் வேண்டாம். ஆனால் இடியப்பச் சட்டி என்று சொன்ன மனிசனிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது? ராத்தா நிலம் தரமாட்டேன் என்றுவிட்டா என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். கடிதம் உங்கள் கைக்கு வர நாளெடுக்கும். உம்மா போனில் உங்களை ஏன் அப்படி ஏசினா என்று இப்போது விளங்கியிருக்கும்.