வடிவு இறங்க ஒரு சாய்வு

தூத்துக்குடி,
14-6-1976

குவைத்தில் இருக்கும் மாப்பிள்ளை சங்கரலிங்கம் அவர்களுக்கு, மாமனார் ஆவுடையப்பன் எழுதிக்கொண்டது. இங்கே என் இடுப்பைத் தவிர மற்ற அனைவரும் சுகம். தங்கள் சுகத்தை அறியவும் ஆசைதான். ஆனால் எனக்கு எழுதிய ஏழு கடிதத்திலும் 'சாய்வு என்னாயிற்று' என்பதைத் தவிர வேறு சேதி இல்லாததால், அதற்கே பதில் எழுதுகிறேன்.

இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போன என் பேத்தி வடிவை, அலையில்லாத தண்ணீரில் இடுப்பளவுக்குத் தினமும் நடக்கவிடச் சொன்னது டாக்டர். படியும் ஏணியும் அவளுக்கு ஆகாது என்று, கடற்கரை மாதிரி நடந்தே இறங்குகிற நீச்சல் குளத்தின் படத்தை வெள்ளைக்காரப் பத்திரிகையிலிருந்து கிழித்து அனுப்பியது தாங்கள். 'புறவாசலில் இதுபோல் கட்டவும், சாய்வு பாதுகாப்பாக இருக்கட்டும்' என்று எழுதினீர்களே, எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று எழுதினீர்களா? படத்தில் ஒரு துரைசானி தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அவள் சிரிப்பை வைத்து நான் என்னத்தை அளக்க? கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் குழி தோண்டுகிறானே என்று தெருவே சிரித்தது. ஒருதரம் அலை புரட்டிப்போட்டதிலிருந்து வடிவு கடல் பக்கமே திரும்பமாட்டாள் என்பதை வீடு வீடாகப் போய் நான் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

உப்பளத்தில் முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்தவனுக்குச் சாய்வு தெரியாதா என்று நானே நூல் பிடித்தேன். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் ஓசையில்லாமல் நகர வேண்டும், அதுதான் எனக்குத் தெரிந்த சாய்வு. நாற்பதடிப் புறவாசல் முழுக்கக் கட்டி முடித்துத் தண்ணீர் விட்டால், கடைசி முனையில் பிள்ளைக்குக் கணுக்கால் நனைகிறது. இடுப்பளவு வேண்டுமென்றால் அடுத்த தெருவையும் சேர்த்துத் தோண்டியிருக்க வேண்டும். போதாததற்குச் சித்திரை வெயில், நம்ம கிணற்று உவர்த்தண்ணி. தினமும் ஊத்த ஊத்த, அது வத்த வத்த, மூணாவது வாரம் தரையெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, ஊறுகாய்க்கு ரெண்டு சிரட்டை அள்ளிக்கிடட்டா?" என்று கேட்டாள். சிரட்டையை நானே எடுத்துக் கொடுத்தேன் மாப்பிள்ளை.

பிறகு கொத்தனார் ரோச் வந்தார். தோணி இறக்குகிற சாய்தளம் கட்டியே கை பழகினவர். "இது உப்பு வெளையத்தான் லாயக்கு, எங்கிட்ட விடுங்க" என்று சொல்லி, எல்லாவற்றையும் உடைத்து, நாலடி ஆழம் தோண்டி, சாய்வைச் சிமெண்டுப் பால் விட்டு வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். பிள்ளையை இறக்குமுன் நான் இறங்கிப் பார்க்க வேண்டாமா? வலது காலை வைத்ததுதான் தெரியும். வேட்டி கரையில், நான் அடியில். உங்கள் சம்சாரம் சீனித்தாய் ஓடிவந்து அப்பனைத் தூக்குவாளா, வேட்டியைத் தூக்குவாளா? மேலே ஏறி, "என்னவே இது?" என்று கேட்டால் அந்த மனுசன் அசராமல் சொல்லுதார்: "தோணின்னா வழுக்கிட்டுத்தான எறங்கணும் அண்ணாச்சி? நீங்க நின்னுக்கிட்டுல்லா எறங்குனீய."

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தாத்தா விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை, அன்றிலிருந்து புறவாசல் கதவைத் திறந்தாலே அழுகிறாள். கடலுக்கும் பயம், இப்போ குளத்துக்கும் பயம். மூணு வருஷமா ஊர்ப்பக்கம் வராமல் படம் அனுப்புகிற தகப்பனுக்கு இது எங்கே தெரியப்போகுது? ஏழு கடிதத்தில் ஒன்றிலாவது 'வடிவு என்ன பேசுதா' என்று கேட்டீரா? எனக்குப் பொறுமை போயிட்டு மாப்பிள்ளை. இருபது வண்டி மணலுக்குச் சொல்லியாயிற்று. தண்ணீரைக்கூட இறைக்கப்போவதில்லை, அப்படியே நாளை கொட்டி மூடுகிறோம். தீபாவளிக்கு வரலாமா என்று யோசிப்பதாகச் சீனித்தாய்க்கு எழுதினீராம். யோசித்துச் சிரமப்பட வேண்டாம். இங்கே காட்ட ஒன்றும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடவும். வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள்ளவும். திருச்செந்தூர் முருகன் உமக்கு நல்ல புத்தியும் தீர்க்காயுசும் கொடுக்கட்டும். எதை முதலில் கொடுப்பது என்பது அவன் இஷ்டம்.

இப்படிக்கு,
ஆசிகளுடன் மாமனார்,
ஆவுடையப்பன்

பி.கு. (மறுநாள், 15-6-1976): கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. இன்று பத்து வண்டி மணலைக் கொட்டி, ரோச்சும் ஆட்களும் மிதித்துப் பரப்பிவிட்டு, எல்லாரும் காபி குடிக்க உள்ளே வந்தோம். புறவாசல் கதவைச் சாத்த மறந்துபோனோம். திரும்பிப் பார்த்தால் வடிவு, அந்த மணலில் காலை இழுத்து இழுத்து நடந்துபோய், ஒருத்தர் கையையும் பிடிக்காமல் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறாள். ரோச் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கென்ன. பிற்பாடு இருவரும் நாடா பிடித்து அளந்தோம்: பன்னிரண்டு அடிக்கு ஓரடி. தாங்கள் கேட்ட சாய்வு அதுதான். மிச்ச மணல் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். தீபாவளி பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டு, கட்டாயம் வரவும். ஏனென்றால் பிள்ளை கரையேறி வந்து என் காதில் சொன்னாள்: "அப்பாட்ட சொல்லிராதிய தாத்தா. அவிய வந்து பாக்கட்டும்." நான் சொல்லித் தொலைத்துவிட்டேன். ஆகவே வரும்போது, பிள்ளையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் போல வந்து நிற்கவும். அது உமக்குச் சிரமமாக இருக்காது.